எந்தப் பக்கம்

சஜாவில் எங்கள் கேம்ப்.
பதினான்காம் நம்பர் அறை,
ஆறு கட்டில், ஒரு ஃப்ரிட்ஜ்.
ஃப்ரிட்ஜுக்குள் மார்க்கரால் கோடு போட்டது நான்தான்.
மேல் தட்டு தேக் பகதூருக்கு, மாடு அண்டக்கூடாது.
அதற்குக் கீழே ஜர்வலி,
பன்றி என்ற சொல்லே அண்டக்கூடாது.
நடுவில் மொஃபஸலின் மீன்,
எந்தக் கோட்டையும் மதிக்காமல் மணக்கும்.
கதவோரம் குஞ்ஞுமோன்,
நோன்பு வெள்ளிகளில் மட்டும் புனிதன்.
காய்கறிப் பெட்டி எனக்கு.

சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்:
முதல் வருஷம் ஒரு சட்டிக்காக
ஜர்வலியும் குஞ்ஞுமோனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.
அதற்குப் பிறகுதான் கோடு.
கோட்டுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.
விடிகாலைத் தொழுகைக்கு எழுகிற ஜர்வலி
நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்தவனுக்காக
விளக்குப் போடாமல், செல்போனைக் கவிழ்த்துவைத்து,
விளிம்பில் கசிகிற வெளிச்சத்தில் பாய் விரிப்பான்.
தங்கைகள் இல்லாத அறையில்
தேக் பகதூரே எங்களுக்குப் பொட்டு இட்டுவிட்டான்,
ஏழு நிறத்தில்.
மொஃபஸல் அதை உளூ செய்யும்போதுதான் கழுவினான்,
அதுவும் கொஞ்சம் தாமதமாக.

சண்முகவேல் ஜூனில் வந்தான்.
ஆறாவது கட்டில்.
என் ஆற்றுக்கு எதிர்க்கரைக்காரன்.
ஒன்பது வருஷமாக உடைத்து உடைத்துப் பேசிய இந்தியை
வாயிலிருந்து கழற்றிவைத்துவிட்டு
டீ போட்டுக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு கேட்டான்:
'அண்ணனுக்கு எந்த ஊரு?'
சொன்னேன்.
'ஊர்ல எந்தப் பக்கம்?'

ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் கேட்டார்கள்.
கிளினிக்கில் ரத்தம் கேட்டார்கள்.
ஜர்வலி கேட்டது
சம்பளம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை.
இத்தனை தேசத்து ஆட்களில் ஒருவரும்
என் தெருவரைக்கும் துரத்தி வந்ததில்லை.

'கிழக்கே' என்றேன்.
ஏடு படியும்வரை டீயைக் கையில் வைத்திருந்தான்.
மறுநாள் எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கிவந்து
ஆணியால் தன் பெயரைப் பொறித்தான்.
என்னுடையது அழிகிற கோடு.

ஆகஸ்டில் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு
கேம்ப் ஜெனரேட்டர் செத்தது.
காலையில்தான் ஆள் வருமாம்.
ஃப்ரிட்ஜ் வியர்க்கத் தொடங்கியது.
ஒரு மாத இறைச்சி, ஒரு வார மீன்,
குஞ்ஞுமோன் மூன்று சுற்றுப் பேப்பரில் ஒளித்துவைத்தது.
முற்றத்துக்கு சிலிண்டரைத் தூக்கிவந்தோம்.
சட்டிகள் தனித்தனிதான்,
கரண்டிகள் தனித்தனிதான்.
தீ ஒன்று, சோறு ஒன்று.
சிமெண்ட் ஆலைப் புழுதிக்கு
மூடிகளால் விசிறிக்கொண்டே சமைத்தோம்.

சண்முகவேல் டம்ளரைத் தேடினான்.
தமிழ் படிக்கத் தெரியாத மொஃபஸல்
அதில்தான் அரிசி அளந்துகொண்டிருந்தான்.
தாகம்.
என் தண்ணீர் பாட்டில்தான் பக்கத்தில்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான்.
பிறகு எடுத்து, உதட்டில் படாமல்,
அண்ணாந்து ஊற்றிக்கொண்டான்.

எனக்குத் தெரியும் அந்த ஒரு சாண் இடைவெளி.

ஜர்வலிக்குத் தெரியாது.
'அடடா, இது என்ன வித்தை!' என்று
பாட்டிலைப் பிடுங்கி அவனும் அண்ணாந்தான்.
மூக்கு, தாடி, குர்தா, எல்லாம் தண்ணீர்.
தும்மினான். மறுபடி ஊற்றினான்.
அடுத்து தேக் பகதூர். அடுத்து குஞ்ஞுமோன்.
ஒருவன் வாய்க்கும் சேரவில்லை.
'சொல்லிக்கொடு உஸ்தாத்' என்று
சண்முகவேலின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினான் ஜர்வலி.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் சிரிக்கவில்லை.
பிறகு சிரித்துவிட்டேன்,
ஈரத் தாடியோடு நிற்கிறவனை
வேறு என்ன செய்வது?
சண்முகவேலும் சிரித்தான்,
எதற்கு என்று அவனுக்கே தெரியாத மாதிரி.

விடிகாலையில் கரண்ட் வந்தது.
காலித் தட்டுகள்மேல் சின்ன விளக்கு எரிந்தது.
உருகிய தண்ணீர் ஓடி
என் கோடுகளில் பாதியைக் கொண்டுபோயிருந்தது.
கால் கிலோ தக்காளியும்
பெயர் பொறித்த டம்ளருமாக
சண்முகவேல் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றான்.
'எந்தப் பக்கம்ணே வைக்கட்டும்?'

அதே இரண்டு சொல்.
இந்தமுறை தக்காளிக்கு மட்டும்தான் என்று
நம்ப ஆசையாக இருந்தது.
மார்க்கரை எங்கே வைத்தேன் என்று தேடினேன்,
அவசரமில்லாமல்.